செயின் வழுக்கிய திங்கட்கிழமை

ஜனவரி 4, சனி

குடும்ப நீதிமன்ற ஆலோசகர் ஸ்டெல்லா மேடம் சொன்னதால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது. தகரத்தில் ஒடுக்கு விழுந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவேன், இதெல்லாம் பழக்கமில்லை. "கோபம் வந்தா கைய நீட்டறதுக்கு முன்னாடி பேனாவ எடுங்க சென்னியப்பன்" என்றார். நோட்டை அவ்வப்போது வாங்கிப் படிப்பாராம்.

பிப்ரவரி 19 விசாரணை. நீதிபதி அம்மா மனசு வைத்தால் என் மகள் மிருதுளா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு இருப்பாள், பக்கத்தில் யாரும் காவலுக்கு உட்காராமல். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். விவாகரத்தை அவள் அம்மா கோகிலவாணி தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்.

பேனாவை எடுத்தாயிற்று. இன்று கோபம் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

வண்டி வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்கும்போது எங்கள் ஆவாரம்பாளையமே கூடிவிட்டது. 1969 மாடல் மஸ்டாங். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் கஸரத் பண்ணுகிற பயில்வான் தோள்போலப் புடைத்து நிற்கிறது. குன்னூரில் ஏதோ பங்களா ஷெட்டில் முப்பது வருஷம் கிடந்ததாம். பின்சீட்டில் கோழி அடைகாத்திருக்கிறது. நானும் தாமோதரனும் சிரித்துவிட்டோம்.

உரிமையாளர் ரகுராம், மில் குடும்பம். கறுப்பு நிறம் வேண்டும், எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்து இன்னும் பலம் ஏற்ற வேண்டும், கார்புரேட்டரும் புகைக்குழாயும் பெரிதாக வேண்டும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். மார்ச்சில் பழைய கார்கள் ஊர்வலம். அதற்குள் முடிய வேண்டும்.

தாமோதரன் யார் என்று மேடத்துக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கோகிலாவின் தம்பி. பதினோரு வருஷமாக ஒரே ஷெட்டில் இருக்கிறோம். தகரமும் பெயிண்டும் நான், எஞ்சின் அவன். அக்கா என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறாள், தம்பி என்னோடு ஒரே பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். தெருவில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் இல்லாமல் அவன் எஞ்சினுக்கு உடம்பு இல்லை, அவன் இல்லாமல் என் உடம்புக்கு உயிர் இல்லை. பிரிந்து போக இரண்டு பேருக்கும் வழியில்லை.

ஜனவரி 8, புதன்

பழைய பெயிண்டைச் சுரண்டினேன். இடதுபக்க மட்கார்டில் கிரைண்டரை வைத்ததும் மாவு மாவாகக் கொட்டியது. எவனோ ஒரு திருட்டு டிங்கர் துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி மாவு அப்பியிருக்கிறான். உள்ளே செய்தித்தாள் கசக்கித் திணித்திருக்கிறான். தொழிலைக் கேவலப்படுத்துகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

சுத்தியல் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அடித்தேன். தாமோதரன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து, "மாமா போதுமுங், தகரம் செத்துப்போச்சு" என்றபோதுதான் பார்த்தேன், மட்கார்டு சப்பளிந்து தரையோடு கிடந்தது. புதிதாக ஒன்று அடித்துச் செய்ய வேண்டியதுதான். இரண்டு நாள் வேலை தண்டம்.

மேடம், கோபம் அந்த டிங்கர் மேல்தான். அவன் இந்நேரம் செத்தே போயிருப்பான்.

ஜனவரி 11, சனி

கோர்ட் வளாகத்தில் குழந்தைகளைப் பார்க்கும் அறை. ஒரு மணி நேரம். சுவரில் யானை, மயில் எல்லாம் வரைந்திருக்கிறார்கள், மயிலுக்கு மூன்று கால். மூலையில் ஒரு பெண் காவலர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருதுளா வளர்ந்துவிட்டாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. "வண்டி எப்பங்ப்பா ஓடும்?" என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது மாதிரி இருந்தது. இன்னும் பக்கத்தில் உட்காரலாம் என்று நாற்காலியை இழுத்தேன். அதன் கால் தரையில் கிறீச்சிட்டதும் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டன. அந்த அறையில் ஏசி ரொம்பக் குளிர். சொல்லிக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஷெட் பூட்டு. யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி 18, சனி

ஸ்டெல்லா மேடம் நோட்டைப் படித்துவிட்டு, முக்கியமானதை எழுதவே இல்லையே என்றார். போன ஜூலையில் நடந்ததை எழுதச் சொன்னார். எழுதிவிடுகிறேன்.

கோகிலா ஷெட்டுக்கு வந்தாள். ஏதோ வாக்குவாதம். கையில் இரண்டடி நீள ரெஞ்சு இருந்தது, வேலை செய்கிறவன் கையில் பூவா இருக்கும்? திரும்பும்போது அவள் மேல் பட்டுவிட்டது. தாமோதரன் பக்கத்தில் இருந்தான். அவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

தாமோதரனுக்குச் சம்மன் வந்திருக்கிறது. சாட்சி அவன். அவனை விட்டால் வேறு யாரும் அன்று அங்கே இல்லை. காலையில் கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"என்ன சொல்லுவ மாப்ள?" என்றேன்.

"நடந்தத நடந்தபடி சொல்லீர்றனுங்க மாமா."

"நடந்ததுன்னா?"

அவன் நிமிரவே இல்லை. "எங்கக்கா தாடைல தட்டு வெச்சு ஸ்குரூ போட்டிருக்குதுங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் கூட்டிச் சொல்றது, கொறச்சுச் சொல்றது?"

"மிருதுளாவ என் கண்ணுல காட்டமாட்டாங்கடா."

"அது எனக்குந் தெரியுமுங்."

இவன் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பக்கத்தில் இருக்கிறேன். முதல் பைக் வாங்கியபோது நான்தான் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். எல்லாம் மறந்துபோச்சு. இன்று பேனாவை எடுப்பதற்கு முன் ஷெட்டின் தகரக் கதவை இரண்டு முறை குத்திவிட்டேன். உண்மையைத்தான் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். விரல் மூட்டு வீங்கியிருக்கிறது.

ஜனவரி 29, புதன்

கறுப்பு ஆறாவது கோட் ஏறிவிட்டது. பானட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவ்வளவு ஆழம்.

ரகுராமின் டிரைவர் வண்டியைப் பார்க்க வந்தான். வாயில் பாக்கு. "இதுக்கா இத்தன நாளு?" என்று கேட்டுக்கொண்டே ஈரம் காயாத பானட்டின் மேல் முழங்கையை ஊன்றினான். எடுடா என்றேன். சிரித்தான். பிடரியைப் பிடித்து விலக்கினேன். விலக்கும்போது பானட் விளிம்பில் மோதிக்கொண்டான். முன்பல் இரண்டு போயிற்று. தாமோதரன்தான் அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். ரகுராமிடம் பேசிச் சமாதானமும் பண்ணினான்.

அந்த ரத்தத்தை உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்டைக் கடித்துக்கொள்ளும். துடைத்து, எமரித்தாளில் தண்ணீர் விட்டு இழைத்து, மறுபடி அடித்தேன். இப்போது எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

மேடம், அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. வேலை கெட்டதில்தான் வருத்தம்.

பிப்ரவரி 3, திங்கள்

கோபம் இல்லை.

பிப்ரவரி 8, சனி

மிருதுளாவைப் பார்க்கும் நாள். கூட்டிவந்தவள் கோகிலா. ஏழு மாதத்துக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்த்தேன். வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஒரு பக்கமாக இழுக்கிறது. வாய் முழுதாகத் திறக்கவில்லை.

ஸ்டெல்லா மேடம் ஜனவரி 18 பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார். "பட்டுவிட்டதுன்னு எழுதியிருக்கீங்க. ரெஞ்சு தானாப் பறந்துச்சா சார்?"

ஆள் இளசு, பேச்சு கத்தி. சரி. அன்று கோகிலா மிருதுளாவின் பள்ளி விஷயமாகப் பேச வந்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் அப்பா மாதிரி எனக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றாள். நான் ரெஞ்சை வீசினேன். தாடையில் விழுந்தது. தாடை உடைந்தது. ஆறு வாரம் பல்லைக் கம்பியால் கட்டி வைத்து உறிஞ்சுகுழாயில் கஞ்சி குடித்தாள் என்று தாமோதரன் சொன்னான். நான் பார்க்கப் போகவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12, புதன்

எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து உயிர் கொடுத்தான் தாமோதரன். நான் இதுவரை கேட்ட எஞ்சின் சத்தமெல்லாம் சத்தமே இல்லை. முதலில் இரண்டு இருமல், அப்புறம் ஒரே உறுமல். தகரக் கூரை அதிர்ந்து துருத்தூள் தலையில் கொட்டியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். தாமோதரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், கண்ணில் தண்ணீர். நானும் சிரித்தேன். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குள் எந்த வழக்கும் இல்லை. அவன் மாதிரி ஒரு கை இந்த ஊரில் கிடையாது.

கை கழுவும்போது சொன்னான். "திங்கக்கெழம எஞ்சின எறக்கீர்லாமுங்க. புதன் நான் வரமாட்டேன், கோர்ட்டு."

சரி என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எஞ்சினை வண்டிக்குள் இறக்கும் வேலை. கூரை இரும்பில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி, அதில் எஞ்சினைத் தொங்கவிட்டு, வண்டியின் மூக்கைக் கீழே தள்ளி வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். செயினில் நான். பானட்டுக்குள் குனிந்து, எஞ்சின் உட்காரும் ரப்பரைக் கையால் நகர்த்திச் சரி பண்ணியது தாமோதரன். இந்த வேலையில் செயின்காரன் வேறெங்கும் பார்க்கக்கூடாது, கீழே இருப்பவனை மட்டும் பார்க்க வேண்டும்.

செயின் வழுக்கிவிட்டது. டக்கென்று இறங்கியது. அவன் வலது கை இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்.

மறுபடி ஏற்றி எடுப்பதற்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். கைக்குட்டை, பனியன், கந்தல் துணி என்று எதைச் சுற்றினாலும் ரத்தம் நிற்கவில்லை. புது கறுப்பு முழுவதும் தெறித்திருந்தது. நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

பழைய செயின். மாற்ற வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது நிற்குமா என்று நாளை மறுபடி அறுவைசிகிச்சை.

போலீஸ்காரர் கேட்டபோது தாமோதரன் என்னைப் பார்த்துக்கொண்டே, "வேலைல ஆனதுங்க" என்றான். அவர் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "உங்கள உள்ள தள்ள எனக்கு ரெண்டு நிமிசம் ஆகாது. எங்கக்கா வேண்டாம்னு கும்புட்டுட்டா. நீங்க வெளிய வந்து எங்களத் தேடுவீங்களாம். பயப்படறா." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அதில் என்னென்னவோ பேசுவார்கள்.

பிப்ரவரி 19, புதன்

சாட்சி வரவில்லை. வழக்கு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அதுவரை பரீட்சார்த்தமாக ஞாயிறு பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை மகள் என்னோடு இருக்கலாம் என்று நீதிபதி சொன்னார். கோகிலாவின் வக்கீல் கத்திப் பார்த்தார், எடுபடவில்லை.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. கோர்ட் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷம்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டு ஷெட்டைக் கழுவினேன். வண்டியில் இருந்த கறை எல்லாம் போய்விட்டது. மிருதுளாவுக்குப் பன் பட்டர் ஜாம் பிடிக்கும். பேக்கரியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தாள். பன்னைத் தொடவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தாள், கறுப்பில் தன் முகத்தைப் பார்த்தாள். பின்சீட்டில் கோழி அடைகாத்த கதையைச் சொன்னேன், சிரிக்கவில்லை.

எஞ்சின் இன்னும் செயின் பிளாக்கில்தான் தொங்குகிறது. தனி ஆளாக அதை இறக்க முடியாது. அவள் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இதுதானுங்ப்பா வழுக்குனது?"

"ஆமா கண்ணு. தள்ளி நில்லு."

"இழுத்துப் பாக்கட்டுங்ப்பா?"

குழந்தை ஆசையாகக் கேட்கிறாளே என்று கைச்செயினை அவளிடம் கொடுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தால் ஏறும், எந்தப் பக்கம் இழுத்தால் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். இறங்கும் பக்கம் ஒரு முறை முழுக்கையால் இழுத்தாள். எஞ்சின் ஒரு விரல் கனம் இறங்கியது. செயினை விட்டுவிட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு எஞ்சினையே பார்த்தாள். அது அசையவில்லை. செயின் பிளாக் அப்படித்தான். கையை விட்டால் நிற்கும். இழுத்தால்தான் இறங்கும். எந்தப் பட்டறைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். போலீஸ்காரருக்கும் நீதிபதிக்கும் உங்களுக்கும்தான் மேடம் தெரியாது.

என் பக்கம் திரும்பினாள். "எத்தன தடவ இழுத்தீங்ப்பா?"

நான் கையை ஓங்கினேன்.

அவள் கத்தவில்லை, ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள், அடி வலது கன்னத்தில் விழுகிற மாதிரி. அதை அவள் யாரிடம் பழகினாள் என்று எனக்குத் தெரியும். என்னிடமேதான் பழகினாள். இதை நான் இந்த நோட்டில் ஒரு நாளும் எழுதவில்லை.

கை இறங்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். ஓடிப்போய் வண்டிக்குள் ஏறி இரண்டு கதவையும் சாத்தி, பூட்டுக் குமிழ் இரண்டையும் அழுத்திவிட்டாள். கண்ணாடியும் ஏறியே இருந்தது.

திற கண்ணு என்றேன். திற என்று கத்தினேன். அப்புறம் சுத்தியலை எடுத்தேன். ஆறு வாரம் நான் உயிரைக் கொடுத்து ஏற்றிய கறுப்பின் மேல் அடித்தேன். கழற்றி வைத்த பானட், புது மட்கார்டு, முன்விளக்கு எல்லாம். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. அழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் உதடு அசைந்தது. முதலில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

சுத்தியலைத் தூர எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. திறக்க ஒரு நொடி ஆகாது. திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துப் பயந்து பூட்டிக்கொண்ட கதவு அது, அதைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தாமோதரனுக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான். "வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போ மாப்ள" என்று மட்டும் சொன்னேன். அவன் வரும்வரை தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாலை

தாமோதரன் ஆட்டோவில் வந்தான். கோகிலா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அவன் நசுங்கிய வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வலது கை முழங்கை வரை கட்டு. இடது கையால் கண்ணாடியை லேசாகத் தட்டினான். அவள் உடனே குமிழைத் தூக்கிவிட்டாள். இறங்கியதும் அவன் கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். அது ஆடினால் அவனுக்கு வலிக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஷெட் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். பதிலுக்காகத்தான் நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நாலு தடவ கண்ணு" என்றேன். "நாலு தடவயும் உன் மாமா கத்துனான். எனக்குக் கேட்டுச்சு."

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டான். மிருதுளா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள், கணக்குக்கு விடை சரிபார்த்த மாதிரி. பிறகு ஆட்டோவில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடம், நாளைக் காலை நோட்டோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டாம். அவளை என்னிடம் கொடுக்காதீர்கள்.